துண்டும் விலகற் கடிதமும்

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் பழைய மாணவன் ஒருவன் மடுல்கெல்லையில் என் வீட்டுக்கு வந்தான். தோட்டத் தொழிலாளியின் மகன். கண்டி நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கெழுதும் வேலை பார்த்து வந்தான். முதலாளியை நீக்கினால் பன்னிரண்டு பேர் உழைக்கும் இடம் அது. இப்போது வேறோரிடத்தில் அதனினும் நல்ல வேலையொன்று அவனுக்குக் கிடைத்திருந்தது. பழைய வேலையிலிருந்து விலகுவதற்கு ஒரு கடிதம் எழுதி, அதனை நான் திருத்தித் தர வேண்டுமென்று கொண்டு வந்திருந்தான்.

"சேர், கொஞ்சம் பாருங்க. மரியாதையா இருக்கணும்" என்றான்.

படித்தேன். எட்டே வரிகள். அந்த எட்டு வரிகளுக்குள் மூன்று இடங்களில் மன்னிப்புக் கேட்டிருந்தான். தன் செயலை நன்றிகெட்ட செயல் என்று தானே வருணித்திருந்தான். ஒருவன் இதுவரை தன் உழைப்பை விற்று வந்த இடத்தில் இனி விற்பதில்லை என அறிவிக்கிறான். இதில் நன்றிக்கேடு எங்கே வந்தது? மன்னிப்புக்கு உரிய குற்றம் யாது?

கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். வேலையிற் சேர்ந்த நாளில் அவனுடைய உயர்தரப் பரீட்சைச் சான்றிதழின் மூலப்பிரதியை முதலாளி வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டாராம். விலகுகிறேன் என்று சொன்னால் அதைத் திருப்பித் தருவாரோ மாட்டாரோ என்ற அச்சந்தான் அம்மூன்று மன்னிப்புகளாக உருவெடுத்திருந்தது.

"அப்பா சொல்றாரு, மொதலாளி மனசு கோணாம சொல்லிட்டு வந்திருன்னு. அப்பாயி கேக்குது, பத்துச்சீட்டு குடுத்துட்டாங்களான்னு. அது என்னா சேர், பத்துச்சீட்டு?"

பல்கலைக்கழகம்வரை சென்று தமிழ் கற்ற நான், அந்தப் பிள்ளையின் கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் விடை சொல்ல முடியாமல் நின்றேன். அகராதிப் பொருள் சொல்லலாம். ஆனால் அச்சொல்லின் பின்னால் நூறாண்டுச் சரித்திரம் நிற்கிறது. அந்தச் சரித்திரத்தை நாம் வகுப்பறையில் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவேதான் அவன் மூன்று முறை மன்னிப்புக் கேட்டான்.

*

வேலையை விட்டு விலகுவது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று ஆயிரம் அறிவுரைகள் வழங்கப்படுகின்றன. முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நன்றி கூற வேண்டும். கசப்பின்றிப் பிரிய வேண்டும். அனைத்தும் நல்லவையே. ஆயின் இந்த அறிவுரைகள் யாவும் ஒன்றை முன்னமே உண்மையென ஏற்றுக்கொண்டு பேசுகின்றன: தொழிலாளி விரும்பினால் விலகலாம் என்பதே அது. நம் மலைகளில் அந்த உண்மை பிறந்து இன்னும் நூற்றுப் பத்து ஆண்டுகள்கூட நிறையவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோர், கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களிற் பரவினர். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலிலே, வத்தேகமைக்கும் பன்வில்லைக்கும் அப்பால், மடுல்கெல்லையும் அதன் சுற்றுப்புறமும் அவ்வாறு திருத்தப்பட்ட மலைகளே. கோப்பி நோயில் மடிந்தது, தேயிலை வந்தது. பயிர் மாறிற்று; சட்டம் மாறவில்லை.

அந்தச் சட்டம் எத்தகையது? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், வேலையாள் முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கிற்று. ஒப்பந்தத்தை மீறியவரிடம் நட்டஈடு கேட்டு வழக்காடுவது வணிக உலகின் வழக்கம். ஆனால் இங்கே தொழிலாளியின் விலகல், திருட்டைப் போல, அடிதடியைப் போல, குற்றவியல் நீதவானின் முன் விசாரிக்கப்பட்டது. தண்டனை மூன்று மாதம்வரை சிறை. ஓடிப்போனவனுக்கு இடங்கொடுத்தவனும் தண்டனைக்கு உரியவனானான்.

1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கென்று தனியே வந்தது. அதன்படி தொழிலாளியின் ஒப்பந்தம் மாதந்தோறும் தானே புதுப்பிக்கப்படும். அதனை முடிவுக்குக் கொண்டுவர விரும்பும் தரப்பு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். வாசகர்கள் இதனைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இன்று நியமனக் கடிதங்களில் நாம் காணும் ஒரு மாத அறிவித்தல், அன்றைய கூலிச் சட்டத்திலும் ஏட்டளவில் இருந்தது. துரையும் கூலியும் சம உரிமையுடைய இரு தரப்பினர் போலவே சட்டத்தின் சொற்கள் பேசின. ஆனால் அதே சட்டம், ஒரு மாதச் சம்பளத்தை அம்மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுத்தாற் போதும் என்றும் கூறிற்று. எந்நேரமும் இரண்டு மாதச் சம்பளம் துரையின் கையில் நிற்க, எந்தத் தொழிலாளி நிமிர்ந்து நின்று அறிவித்தல் கொடுப்பான்?

அதற்கும் மேலாக மற்றொரு விலங்கு இருந்தது. அதன் பெயர் கடன்.

*

தமிழகத்துக் கிராமத்தில் ஆள் சேர்க்கும் கங்காணி, பழைய கடனைத் தீர்க்கவும் வழிச் செலவுக்குமாக முன்பணம் கொடுப்பான். அந்த நிமிடத்திலிருந்து கணக்குத் தொடங்குகிறது. வழியில் உண்ட சோறும் வாங்கிய கம்பளியும் அந்தக் கணக்கில் ஏறும். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே தொழிலாளி கடன்காரன். கணக்குப் புத்தகமோ கங்காணியின் மடியில்.

இக்கங்காணி யார்? பெரும்பாலும் சொந்த ஊரான். சில வேளை உறவினன். மாமன் என்றும் அண்ணன் என்றும் முறை சொல்லி அழைக்கப்படுபவன். கடன் உறவின் வேடம் பூண்டு வந்தது. கங்காணியை விட்டுப் போவது, கடன்காரனை ஏமாற்றுவதாக மட்டுமன்றி, சொந்தக்காரனுக்குத் துரோகம் செய்வதாகவும் தோற்றமளித்தது. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இங்கேதான் வேரூன்றியது எனலாம்.

இந்த ஏற்பாட்டின் உச்சியில் இருந்ததே 'துண்டு'. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பும் கங்காணிக்குத் துரை ஒரு தாள் கொடுப்பார். இன்ன தொகை செலுத்தப்பட்டால் இந்தக் கங்காணியையும் இவன் கீழுள்ள ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் பொருள். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகச் செல்வான். ஆள் தேவைப்பட்ட மற்றொரு துரை தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்வார்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். கங்காணி ஒருவனின் கீழ் முப்பது பேர். ஆளுக்கு ஐம்பது ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். துண்டின் தொகை 1,500 ரூபாய். ஆள் பஞ்சமுள்ள புதிய தோட்டத்துத் துரை, கங்காணியைக் கவர்வதற்காக மேலும் முந்நூறு சேர்த்துக் கொடுக்கிறார். அந்த முந்நூறு கங்காணியின் பைக்குள் போகிறது. ஆனால் புதிய தோட்டத்துப் பேரேட்டில் 1,800 ரூபாய் என்று பதியப்படுகிறது. இப்போது ஆளுக்கு அறுபது ரூபாய் கடன். தொழிலாளி ஒரு சதமும் பெறவில்லை; ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்தான்; கடன் பத்து ரூபாயால் ஏறிற்று. அடுத்த முறை நடந்தால் மீண்டும் ஏறும்.

துண்டில்லாமல் வருபவனைப் பிற தோட்டத்தில் எடுக்கமாட்டார்கள். துண்டோ தனித் தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை. கங்காணியும் கூட்டமுமாகவே அது கைமாறும். ஆகவே ஒருவன் தானாக விலகுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. விலகல் என்பது அவன் செய்யும் செயலாக இருக்கவில்லை. அவன்மேல் செய்யப்படும் வியாபாரமாக இருந்தது.

முதலாளித்துவத்தில் தொழிலாளி இருவகையில் சுதந்திரமானவன் என்று கார்ல் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். தன் உழைப்புச் சக்தியை விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரம் ஒன்று. அதைத் தவிர விற்பதற்கு வேறெதுவும் இல்லாத 'சுதந்திரம்' மற்றொன்று. நம் மலைகளில் இரண்டாவது சுதந்திரம் மட்டுமே நிறைவாக வழங்கப்பட்டது. முதலாவதைச் சட்டமும் துண்டும் சேர்ந்து பறித்து வைத்திருந்தன.

*

இது அக்காலத்து உலக வழக்கம் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அதையும் பார்ப்போம். இங்கிலாந்திலும் வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறைக்கு அனுப்பப்பட்ட காலம் உண்டு. எசமான் - வேலையாள் சட்டங்கள் என்று அவற்றுக்குப் பெயர். ஆங்கிலத் தொழிற்சங்கங்களின் போராட்டத்தினால் 1875இல் அவை நீக்கப்பட்டன. அதன்பின் ஆங்கிலத் தொழிலாளி வேலையை விட்டால் அது உரிமையியல் விவகாரம். ஆனால் அதே ஆங்கிலேயர் ஆண்ட இலங்கையில் அவ்விலங்கு உடைபட மேலும் நாற்பத்தாறு ஆண்டுகள் சென்றன. இந்தியாவில், 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது. லண்டனில் குற்றமல்லாதது மடுல்கெல்லையில் குற்றமாக இருந்ததற்குக் காரணம் காலமன்று; ஏகாதிபத்தியம்.

இலங்கையில் இச்சட்டங்களுக்கு எதிராக எழுந்த குரல்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் குரல் முதன்மையானது. அரசாங்க சேவையில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றவர். அரசியல் சீர்திருத்தத்துக்காகப் பேசிய அதே வாயினால், வேலையை விட்டதற்காக ஏழைத் தொழிலாளரைச் சிறையிலடைப்பது நாகரிக நாட்டுக்கு அடாத செயல் என்றும் பேசினார். 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தையும், 1919இல் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தையும் தோற்றுவித்தார். அவர் பாட்டாளி வர்க்கத் தலைவரல்லர், கனவானே. எனினும் தம் வர்க்கத்தாரில் மிகப் பலர் தோட்டச் சொந்தக்காரராக இருந்து மௌனம் காத்தபோது அவர் பேசினார் என்பதை நாம் மறக்கலாகாது.

இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் வந்தது. தன் குடிமக்கள் வெளிநாட்டுத் தோட்டங்களில் நடத்தப்படும் விதம் இந்தியத் தேசிய இயக்கத்தின் பிரச்சினையாகிவிட்டிருந்தது. ஆள் வரவு நின்றுபோனால் தேயிலை நின்றுபோகும் என்பதைத் துரைமார் அறிவர். இவை யாவும் சேர்ந்து 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் வந்தது. துண்டு ஒழிந்தது. வேலையை விட்டதற்காகத் தோட்டத் தொழிலாளியைச் சிறையிடும் விதிகளும் ஒழிந்தன.

நண்பர்களே, நம் பாடப்புத்தகங்களில் எத்தனையோ ஆண்டுகள் தடித்த எழுத்தில் அச்சிடப்படுகின்றன. 1921 அவற்றுள் ஒன்றாக வேண்டும். இந்நாட்டின் மலைகளில் மனிதன் ஒருவன் "நான் போகிறேன்" என்று சொன்னால் அது குற்றமாகாது என்று சட்டம் முதன்முறை ஒப்புக்கொண்ட ஆண்டு அது.

*

சட்டம் ஒப்புக்கொண்டது, தோட்டம் ஒப்புக்கொண்டதா?

இந்தக் கேள்விக்கு மடுல்கெல்லையே ஒரு விடையை வைத்திருக்கிறது. 1936ஆம் ஆண்டில் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர், தேயிலைத் தொழில் பழகுவதற்காக இங்குள்ள ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்தார். 1912இல் லண்டனில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். இவ்வாறு பழக வரும் வெள்ளை இளைஞரைத் துரைமார் 'கிரீப்பர்' என்று அழைத்தனர். பழகி முடித்தால் சின்னத்துரை, பிறகு பெரியதுரை, பங்களாவும் குதிரையும் காத்திருக்கும்.

பிரேஸ்கேர்டில் வேறு விதமான மனிதர். ஆஸ்திரேலியாவிலேயே இளம் கம்யூனிஸ்ட் கழகத்தில் சேர்ந்திருந்தவர். பிரட்டுக்களத்தில் தொழிலாளர் நடத்தப்பட்ட விதமும், லயக்காம்பிராக்களின் நிலையும், பிள்ளைகளுக்குக் கல்வி மறுக்கப்பட்டதும் அவர் நெஞ்சைச் சுட்டன. தகராறுகளில் அவர் தொழிலாளர் பக்கம் நின்றார். துரைத்தனத்துக்கும் அவருக்குமிடையே பிணக்கு முற்றியது. அவ்வாண்டு முடியுமுன்னரே தோட்டத்தை விட்டு நீங்கிக் கொழும்பில் லங்கா சமசமாஜக் கட்சியின் மேடையில் நின்றார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயர் பேசிய அதே மேடையில், தோட்டத் தொழிலாளர் முன் அவரும் பேசினார்.

துரைமார் பொறுத்தார்களா? வெள்ளையன் ஒருவன் வேலையை விட்டுப் போனதை அவர்கள் பொறுத்திருப்பர். போனவன் கண்டதை வெளியே சொன்னதைத்தான் பொறுக்கவில்லை. அவர்களுடைய தூண்டுதலினால் தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்ரப்ஸ் நாடுகடத்தற் கட்டளை பிறப்பித்தார். ஏப்ரல் 22ஆம் நாள் அது பிரேஸ்கேர்டிலிடம் கொடுக்கப்பட்டது. 24ஆம் நாள் மாலை ஆறு மணிக்குள் நாட்டை விட்டு நீங்க வேண்டும்; 'மூல்டான்' கப்பலில் இடமும் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் கப்பலேறவில்லை, தலைமறைவானார்.

அதன்பின் நடந்தவை இலங்கை அரசியலின் புகழ்பெற்ற அத்தியாயம். மே 5ஆம் நாள் அரசாங்க சபையில், தேசாதிபதியின் செயலைக் கண்டித்து என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் கொண்டுவந்த தீர்மானம் 34க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அன்று காலிமுகத்திடலிற் கூடிய பெருங்கூட்டத்தில் கொல்வின் ஆர். டி சில்வா தலைமை வகித்தார். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா பேசினார், யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஹன்டி பேரின்பநாயகம் பேசினார், மலையகத்து மீனாட்சி அம்மாள் நடேசய்யர் பேசினார். தேடப்பட்டு வந்த பிரேஸ்கேர்டில் அந்த மேடையிலேயே தோன்றினார். சில நாட்களின் பின் கைது செய்யப்பட்டார். ஆட்கொணர்வு மனு உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. வழக்கறிஞர் எச். வீ. பெரேரா ஊதியம் வாங்காமல் வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்சும் மற்றிரு நீதியரசரும் மே 18ஆம் நாள் தீர்ப்பளித்தனர்: தேசாதிபதி துணைகொண்ட 1896ஆம் ஆண்டின் கட்டளை அவசரகால நிலைமைக்கு உரியது, அமைதிக் காலத்தில் ஒருவரை அதன்கீழ் நாடுகடத்த முடியாது. பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

மடுல்கெல்லையில் வேலையை விட்டு நீங்கிய ஒருவருக்காக ஒரு நாடே எழுந்து நின்றது. இது நாம் பெருமைப்படத்தக்க சரித்திரமே. ஆயினும் இதில் ஓர் உறுத்தல் உண்டு. பிரேஸ்கேர்டிலின் பெயரை உலகம் அறியும். அவர் எந்தத் தொழிலாளர்களின் பக்கம் நின்றாரோ, அந்த ரெலுகாஸ் தொழிலாளர்களுள் ஒருவரின் பெயரையாவது நாம் அறிவோமா? அவரைத் துரத்துவதற்குக் கப்பலில் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. தேசாதிபதியின் கையொப்பம் வேண்டியிருந்தது. தொழிலாளியைத் துரத்துவதற்கு ஒரு சிறு காகிதம் போதுமாயிருந்தது. அதுவே பற்றுச்சீட்டு; நம் அப்பாயிமார் வாயில் பத்துச்சீட்டு.

*

துண்டு, தொழிலாளியைப் போகவிடாமல் கட்டி வைத்த காகிதம். பற்றுச்சீட்டு, அவனைப் 'போ' என்று விரட்டிய காகிதம். இரண்டையும் எழுதியவர் ஒருவரே.

பற்றுச்சீட்டு ஏன் அவ்வளவு அச்சமூட்டியது? வேலை போனால் வேறு வேலை தேடலாமே என்று நகரத்தவர் கேட்கக்கூடும். தோட்டத்தில் வேலை மட்டும் போவதில்லை. குடியிருக்கும் காம்பிரா தோட்டத்துடையது. அடுப்பெரிக்கும் விறகு தோட்டத்துடையது. பிள்ளை படித்த பள்ளிக்கூடமும் நெடுங்காலம் தோட்டத்துடையதாகவே இருந்தது. வேலையை இழப்பவன் கூரையை இழக்கிறான். ஆகவே 1921இல் கிடைத்த விலகும் உரிமை, நிற்பதற்கு நிலமில்லாதவனுக்குப் பறக்கும் உரிமை கொடுத்தது போலாயிற்று.

1948இன் குடியுரிமைச் சட்டம் நிலமில்லாதவனை நாடில்லாதவனாகவும் ஆக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது. அந்த எஞ்சியவர்களை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மடுல்கெல்லையிலிருந்தும் குடும்பங்கள் மூட்டை கட்டின. பிறந்த மண்ணை விட்டு விலகும் கடிதத்தை எழுதியவர்கள் அவர்களல்லர்; இரு பிரதமர்கள். நாடற்றவராய் எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது. காம்பிராவுக்கும் அது நிற்கும் மண்ணுக்கும் உரிமைப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்றும் பல.

*

இனி என் மாணவனிடம் திரும்புவோம்.

இன்றைய சட்டம் அவனுக்கு என்ன தருகிறது? 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊழியர் சேமலாப நிதி உண்டு. அவன் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டும், முதலாளியின் பங்காக நூற்றுக்குப் பன்னிரண்டும் அவன் பெயரில் சேர வேண்டும். நிறுவனம் சிறிதா பெரிதா என்பது இங்கே கேள்வியில்லை. ஆனால் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பதினைந்து பேரேனும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே கடமை விதிக்கிறது. ஐந்தாண்டு நிறைந்த மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம். இன்னும் மூவர் அங்கே வேலை செய்திருந்தால், ஆறாண்டுக்கு மூன்று மாதச் சம்பளம் அவனுக்கு உரிமையாகியிருக்கும். பன்னிரண்டு பேர் என்பதால் ஒன்றுமில்லை. கொழுந்து கூடை சுமக்கும் அவன் தந்தை விலகும்போது ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம் பெறுவார். வெள்ளைச் சட்டை அணிந்து நகரத்தில் மேசை முன் அமர்ந்த மகனுக்கு அது இல்லை. காரணமின்றி வேலைநீக்கம் செய்வதைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் அதே பதினைந்தாம் எண்ணிலேயே நின்றுவிடுகிறது.

சிறிய நிறுவனத்தில் சட்டம் ஒதுங்கி நிற்கும் இடத்தில் உறவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்று முதலாளி சொல்கிறார். திருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறார். அவசரத்துக்கு முன்பணமும் தருகிறார். அவர் பொல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவன் போனால் அவருக்கு உண்மையிலேயே இடர்ப்பாடுதான். ஆனால் அந்தக் 'குடும்ப'த்திலிருந்து ஒருவன் விலகும் நாளில், உறவு கடனாக மாறி நிற்கிறது. அலுமாரிக்குள் சான்றிதழ் அடகுப் பொருளாகக் கிடக்கிறது. முறை சொல்லி அழைத்த கங்காணியையும் அவன் மடியிலிருந்த கணக்கையும் நினைத்துப் பாருங்கள். பெயர் மாறியிருக்கிறது, துண்டின் குணம் மாறவில்லை.

அன்று மாலை நாங்கள் இருவரும் கடிதத்தைப் புதிதாக எழுதினோம். மன்னிப்புகள் மூன்றையும் எடுத்தேன். மரியாதையை எடுக்கவில்லை. இன்ன பதவியிலிருந்து விலகுகிறேன். நியமனக் கடிதத்திலுள்ளபடி ஒரு மாத அறிவித்தல் தருகிறேன். என் கடைசி வேலைநாள் இன்ன தேதி. அதற்குள் கணக்குகளை முடித்து, என் இடத்துக்கு வருபவருக்கு வேலையைக் கற்றுக் கொடுத்து ஒப்படைப்பேன். இவ்வளவும் முதற் பகுதி. கடைசி மாதச் சம்பளம், சேவைச் சான்றிதழ், என் உயர்தரப் பரீட்சைச் சான்றிதழின் மூலப்பிரதி ஆகியவற்றை அன்றைய தினம் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். இது இரண்டாம் பகுதி. இங்கே கற்ற தொழிலுக்காக நன்றி என்ற ஒரு வரியும் சேர்த்தோம். அது உண்மை, அவன் அங்கேதான் தொழில் கற்றான். பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பெற்றதற்குத் தேதியோடு கையொப்பம் வாங்கிவரச் சொன்னேன்.

"இவ்வளவு நேரா எழுதினா கோவிச்சுக்குவாரே சேர்?"

"கோபித்துக்கொள்ளட்டும். வேலையைச் சரியாக ஒப்படைப்பது உன் கடமை. அவர் கோபிக்காமல் இருப்பது உன் கடமையன்று" என்றேன்.

ஒரு மாதம் சென்றது. முதலாளி கோபித்துக்கொண்டதும் உண்மை. இரண்டு வாரம் அவனோடு பேசவில்லையாம். அவன் நாள் தவறாமல் வேலைக்குப் போய், புதிதாக வந்த பெண்ணுக்குப் பேரேடுகளை விளக்கிக் கொடுத்திருக்கிறான். கடைசி நாளில் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. கடைசி மாதச் சம்பளம் இதனை எழுதும் நாள்வரை வரவில்லை. கையொப்பமிட்ட பிரதியோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்திருக்கிறான். அவ்வாறு ஓர் அலுவலகம் இருப்பதும், அதன் படியில் தான் ஏறலாம் என்பதும் பதின்மூன்று ஆண்டு பள்ளிக்கூடத்தில் படித்த அவனுக்கு அதுவரை தெரியாது. அவனுக்கு ஆறாண்டுகள் தமிழும் சரித்திரமும் கற்பித்தவன் நான். இந்தக் குறை என்னுடையது.

விடுப்பு விண்ணப்பமும் பாராட்டுக் கடிதமும் எழுதப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். விலகற் கடிதம் எழுதவும் சொல்லிக் கொடுப்போம். அதோடு, அந்தக் கடிதத்தை எழுதும் உரிமை எவ்வாறு வந்ததென்பதையும், 1865 என்ற ஆண்டையும் 1921 என்ற ஆண்டையும், துண்டு என்ற சொல்லையும் சொல்லிக் கொடுப்போம். பணிவு வேறு, அச்சம் வேறு என்பதைப் பிள்ளைகள் அப்போதுதான் பிரித்தறிவார்கள்.

அப்பாயிக்கு என்ன பதில் சொன்னாய் என்று அவனைக் கேட்டேன்.

"அவங்க குடுக்கல அப்பாயி, நாந்தான் எழுதிக் குடுத்தேன்னு சொன்னேன். நம்பல சேர். 'நீயா குடுத்த?'ன்னு ரெண்டு தரம் கேட்டுச்சு. அப்புறம் அந்தக் கடுதாசிய வாங்கித் தடவிப் பாத்துச்சு. அதுக்கு வாசிக்கத் தெரியாது."